அக்கா பெயரில் சேர்ந்த பணம்

வீரபாண்டி, திருப்பூர்
5.2.2006

அன்புள்ள அக்காவுக்கு,

அனுசுயா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே, முழுசாகப் படி. மூன்று வருஷமாக நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பாசம் பொங்கித்தான் இப்போது எழுதுகிறேன் என்று சொன்னால் நீயே சிரிப்பாய். காரியமாகத்தான் எழுதுகிறேன்.

நான் பதினான்கு வருஷம் வேலை பார்த்த பனியன் கம்பெனியைத் தீபாவளி போனஸ் கொடுத்த கையோடு மூடிவிட்டார்கள். முதலாளி ஆர்டர் இல்லை என்கிறார். ஆறே மாதத்தில் வேறு பெயரில் திறப்பார் என்று ஊரே பேசுகிறது. அது அவர் பாடு. என் பாடு அந்தக் கம்பெனியில் என் சம்பளத்திலிருந்து பிடித்த பி.எஃப். பணம். அது உன் பெயரில் இருக்கிறது.

உனக்கு நினைவிருக்கும். என்னை இங்கே கொண்டுவந்து விட்டபோது எனக்குப் பதின்மூன்று வயது. பதினெட்டு ஆகாமல் எடுக்கமாட்டோம் என்றதும் அப்பா ஊருக்குத் திரும்பிப் போய் உன் பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டை எடுத்து வந்தார். டைம் கீப்பர் லிங்கசாமி அண்ணன் என் முகத்தைப் பார்த்தார், சர்ட்டிபிகேட்டைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் 'விஜயராணி' என்று எழுதிக்கொண்டார். எங்கள் லைனில் பாதிப் பெண்கள் அக்கா பெயரில்தான் வேலை பார்த்தார்கள். அப்போது யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

இப்போது வேறு ஒரு கம்பெனியில் கூப்பிடுகிறார்கள். அங்கேயும் பி.எஃப். உண்டு, பழைய கணக்கை அதோடு சேர்த்துத் தொடரலாம். ஆனால் சொந்தப் பெயர் வேண்டும். உண்மையான விஜயராணி முத்திரைத்தாளில், "நான் அந்தக் கம்பெனியில் ஒருநாளும் வேலை செய்யவில்லை, செய்தது என் தங்கை அனுசுயா" என்று கையெழுத்துப் போட்டு நோட்டரி வக்கீல் சீல் வைத்துக் கொடுத்தால் மாற்ற வழியிருக்கிறது என்று லிங்கசாமி அண்ணன் சொல்கிறார்.

செய்வாயா? அத்தானுக்குத் தெரிய வேண்டாம்.

அனுசுயா


சாத்தூர் பக்கம்
16.2.2006

அனுவுக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன்.

அந்த சர்ட்டிபிகேட்டைக் கேட்டு நான் உனக்கு எத்தனை கடிதம் எழுதினேன் என்று எண்ணி வைத்திருக்கிறாயா? நான் வைத்திருக்கிறேன். நாலு. அங்கன்வாடியில் ஆயா வேலைக்கு எட்டாம் வகுப்பு படித்ததற்கு அத்தாட்சி மட்டும் போதும் என்றார்கள். நீ என்ன எழுதினாய்? "கம்பெனி ஃபைலில் இருக்கிறது, கேட்டால் வயது விஷயம் வெளியே வந்துவிடும், பொறுத்துக்கொள்." அந்த வேலை சுப்புலட்சுமிக்குப் போனது. அவள் நல்லவள், அவள் மேல் எனக்குக் கோபமில்லை. மாதா மாதம் அவள் சம்பளம் வாங்கி வரும்போது உன் மேல்தான் வரும்.

பெயரைக் கொடுத்ததற்கு எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். இருந்தாலும் கையெழுத்துப் போடுகிறேன். பேப்பரை அனுப்பு. சாத்தூரில் நோட்டரி இருக்கிறார்.

உன் அத்தானுக்குத் தெரியாது. தபால்காரர் என் கையில்தான் கொடுத்தார். ஆட்டு வியாபாரத்தில் இந்த வருஷம் அவருக்குப் பலத்த அடி. மூக்குக்கு மேல் கோபம். சும்மா இருக்கும் மனுஷனைக் கிளறிவிட எனக்கும் ஆசையில்லை.

அப்படி எவ்வளவுதான் சேர்த்தாய்? இத்தனை வருஷம் கழித்து என் காலில் விழும்படியான பணமா?

விஜயராணி


வீரபாண்டி
24.2.2006

அன்புள்ள அக்கா,

நீ திட்டியது அத்தனையும் சரி. முத்திரைத்தாள் இதோடு இருக்கிறது. பி.எஃப். சீட்டின் ஜெராக்ஸும் வைத்திருக்கிறேன், நம்பர் அதில் இருக்கிறது.

எவ்வளவு என்று கேட்டாயே, சொல்கிறேன். உட்கார்ந்துகொண்டு படி. எழுபத்தோராயிரத்துச் சொச்சம்.

எனக்கே நம்பிக்கை வரவில்லை. சேர்ந்த புதிதில் சனிக்கிழமைச் சம்பளத்தில் பத்து ரூபாய், பன்னிரண்டு ரூபாய் பிடிப்பார்கள். கவரை வாங்கிக்கொண்டு பாத்ரூமில் போய் அழுவேன். லிங்கசாமி அண்ணன், "உம்பணம் எங்கீம் போயராது கண்ணு, முதலாளியும் அவரு பங்கு போடறாருங்க, வட்டியும் வருதுங்க" என்பார். நான் அவரை மனசுக்குள் திட்டுவேன். அந்தச் சில்லறைதான் அக்கா, இன்றைக்கு வட்டி மேல் வட்டி ஏறி நிற்கிறது. கடைசி ஐந்து வருஷத்தில் நிறையக் கட்டினேன், ஆனாலும் முதல் ஐந்து வருஷத்துக் காசு வளர்ந்த அளவுக்கு அது வளரவில்லை. சின்ன வயசிலேயே போட ஆரம்பித்ததால் அதற்கு வளர நேரம் கிடைத்தது, அவ்வளவுதான் ரகசியம்.

என் ரூமில் இருக்கும் மருதம்மாள் அக்காவும் நானும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். அவர் மூன்று தடவை எடுத்தார். கம்பெனியிலிருந்து நின்றுவிட்டதாக எழுதிக் கொடுப்பது, இரண்டு மாதம் வீட்டில் உட்காருவது, பணம் வந்ததும் புது நம்பரில் மறுபடி சேருவது. இங்கே முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். ஒரு தடவை கம்மல், ஒரு தடவை மகள் சடங்கு, ஒரு தடவை தண்ணீர் வராத போர்வெல். இன்றைக்கு அவருக்கு ஐம்பத்தொரு வயது, கையில் ஒன்றுமில்லை. பட்டன் துளை தைக்கும் காஜா மிஷினில் கண் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்.

இன்னொன்றும் கேள். பத்து வருஷத்துக்கு மேல் கட்டினவர்களுக்கு வயதான பிறகு பென்ஷனும் உண்டு. நடுவில் செத்துப் போனால்கூட வீண் இல்லை. சேர்ந்த பணம் குடும்பத்துக்கு வந்துவிடும், புருஷனுக்கு மாதா மாதம் பென்ஷன் வரும். எனக்குத்தான் புருஷனே இல்லையே என்று லிங்கசாமி அண்ணனிடம் சொல்லிச் சிரித்தேன்.

எனக்கு வீடில்லை, நகையில்லை. கல்யாணம் இனி நடக்குமா என்றும் தெரியவில்லை. இது ஒன்றுதான் இருக்கிறது. அதனால்தான் உன் காலில் விழுகிறேன்.

உன் அனு


12.3.2006

அனு,

உன் கடிதம் என் கைக்கு வரவில்லை. அவர் கைக்குப் போனது. நான் களையெடுக்கப் போயிருந்தேன். சாயங்காலம் வந்தபோது வாசலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் வகுப்பு படித்த மனுஷன், எழுத்துக் கூட்டி ஒரு வரி விடாமல் படித்து முடித்தார். பிறகு என்னிடம், "ஏட்டி, ஒம்பேருல இம்புட்டு ரூவா கெடக்கு, நீ கூலி வேலைக்குப் போயிட்டு வார" என்றார்.

முத்திரைத்தாளைத் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். மறுநாள் என்னை சாத்தூருக்குக் கூட்டிப் போய் பாங்கில் என் பெயரில் கணக்கு ஆரம்பித்தார். கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு குமாஸ்தா, பெயர் குருசாமி, பி.எஃப். ஃபாரம் ஒன்றைப் பூர்த்தி செய்து வைத்திருந்தான். கம்பெனிதான் மூடியாகிவிட்டதே, பாங்க் மேனேஜர் கையெழுத்தே போதுமாம். விஜயராணி என்று போடச் சொன்னார்கள். போட்டேன். போடாமல் இருக்க முயற்சி செய்தேன் என்பதற்கு என் இடது காது சாட்சி, அந்தப் பக்கம் இன்னும் சரியாகக் கேட்கவில்லை.

வரும் வழியில் எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தார். கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

இனி வீட்டு விலாசத்துக்கு எழுதாதே. சுப்புலட்சுமி, அங்கன்வாடி என்று போடு, என் கைக்கு வந்துவிடும். வேறு முத்திரைத்தாள் வாங்கி அனுப்பு, சீக்கிரம்.

விஜயராணி


வீரபாண்டி
20.3.2006

அக்கா,

அனுப்பமாட்டேன். நீயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, காது வலிக்கிறது என்று என்னிடம் எழுதுகிறாய். ஆயா வேலை போன கணக்கை இப்படித் தீர்த்துக்கொண்டாயா? உன் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் இங்கே வந்திருந்தார். சீப்பு சீப்பாக வாழைப்பழம், இரண்டு கிலோ சேவு. ரூமுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு இப்போது தினக்கூலிக்குப் போகிற இடத்தில் எந்த ஷிஃப்ட், எந்த வழியாகத் திரும்பி வருவேன், கூட யார் வருவார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சாயப்பட்டறைக்குப் பின்னால் ஒரு குறுக்கு வழி இருக்கிறது, அதில்தான் வருவேன். அதையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். நான் ஏன் சொன்னேன் என்று இப்போது என்னையே அடித்துக்கொள்கிறேன்.

போகும்போது மருதம்மாள் அக்கா காதுபடவே, "ரெக்கார்டுபடி பாத்தா நீயும் எம் பொண்டாட்டிதான்" என்று சொல்லிச் சிரித்தார். மருதம்மாள் அக்கா சிரிக்கவில்லை. அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு, "இவன் பாக்குற பார்வை சரியில்ல புள்ள, தனியா வராத" என்றார். அன்றிலிருந்து மெயின் ரோடு சுற்றித்தான் வருகிறேன்.

லிங்கசாமி அண்ணனையும் போய்ப் பார்த்திருக்கிறார். கணக்கில் இருக்கும் விஜயராணிக்குக் கல்யாணம் ஆனதாக எழுதியிருக்கிறதா என்று விசாரித்தாராம். இதெல்லாம் உனக்குத் தெரியாமலா நடக்கிறது? எனக்கு நம்பத் தோன்றவில்லை.

அனுசுயா


30.4.2006

அனு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு மாதம் பதில் எழுதக்கூடாது என்று இருந்தேன். நீ என்னைச் சந்தேகப்பட்டது பெரிதாக வலித்தது. இப்போது அதற்கெல்லாம் நேரமில்லை.

ஃபாரம் திரும்பி வந்துவிட்டது. கையெழுத்து ஒத்துப்போகவில்லையாம். பதினான்கு வருஷமாக நீ போட்ட விஜயராணிதான் அங்கே இருக்கிறாள், நான் போட்டது செல்லவில்லை. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அன்றைக்கு அவர் அடிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு குருசாமியைப் பார்க்கப் போனார், திரும்பி வரும்போது முகம் தெளிந்திருந்தது. தன் தம்பியிடம் சொன்னதை நான் அடுப்படியிலிருந்து கேட்டேன். "உசுரோட இருந்தா அவ கையெழுத்து வேணுமாம்ல. இல்லைன்னா வாரிசு கையெழுத்தே போதுமாம்."

முதலில் எனக்கும் உன் நினைப்புதான் வந்தது. உன் ஷிஃப்டைக் கேட்டார், வழியைக் கேட்டார் என்று எழுதியிருந்தாயே. சுப்புலட்சுமியிடம் சொல்லி அழுதேன். அவள் வீட்டுக்காரர் தலையாரி. அவர் ஒரு விஷயம் சொன்னார். இவர் போன வாரம் வி.ஏ.ஓ. ஆபீசுக்கு வந்து, வீட்டில் யாராவது இறந்து போனால் சர்ட்டிபிகேட் எத்தனை நாளில் கிடைக்கும், வாரிசு சர்ட்டிபிகேட் எத்தனை நாளில் கிடைக்கும் என்று கேட்டிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை போல என்று நினைத்துத் தலையாரியும் பதில் சொல்லியிருக்கிறார்.

என் மாமியார் நன்றாக இருக்கிறாள். நேற்றுகூட இரண்டு மைல் நடந்து கோயிலுக்குப் போய் வந்தாள்.

அனு, நீ பயப்படாதே. நீ திருப்பூரில் செத்தால் அவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. அங்கே உன்னை அனுசுயா என்று தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், போலீஸ் வரும், கேள்வி வரும். அவருக்கு வேண்டியது விஜயராணி செத்தாள் என்று ஒரு பேப்பர். அது இந்த ஊரில் கிடைக்கும். அவருடைய பெண்டாட்டி என்று ரேஷன் கார்டில் இருப்பதும் நான்தான்.

இரண்டு நாளாக மேலக்காட்டுக் கிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்து வரச் சொல்கிறார். தெருக்குழாயில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கிறது. அந்தக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. குடத்தைத் தூக்கிக்கொண்டு போவதுபோல் போய்ப் பாதி வழியில் யார் வீட்டிலாவது நிரப்பிக்கொண்டு வருகிறேன். எத்தனை நாளைக்கு முடியும் என்று தெரியவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கா


வீரபாண்டி
9.5.2006

என் அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன்னைச் சந்தேகப்பட்டேனே, என்னைச் செருப்பால் அடி. எல்லாவற்றுக்கும் மேலே, செத்தால் புருஷனுக்குப் பணம் வரும் என்று அந்த மனுஷனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது என் கடிதம். பெருமைக்கு எழுதினேன் அக்கா. சேமித்ததைப் பீற்றிக்கொள்ள எனக்கு வேறு ஆள் இல்லை.

புதுக் கம்பெனியே வேண்டாம், மொத்தப் பணத்தையும் எடுத்து எறிந்துவிடலாம் என்று லிங்கசாமி அண்ணனிடம் ஓடினேன். எடுக்கவும் விஜயராணி என்று நிரூபிக்க வேண்டுமாம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, "அன்னைக்கு நானும் பாத்துட்டு எழுதாம இருந்திருக்கோணும் கண்ணு" என்றார். அவரைத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை.

இருப்பது ஒரே வழிதான். நீ அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கவே இல்லை என்ற பேப்பர் ஆபீசுக்குப் போய்விட்டால், நீ இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவருக்கு அதில் ஒரு பைசா உரிமையில்லை. புது முத்திரைத்தாள் இதோடு அனுப்புகிறேன். சுப்புலட்சுமி அக்கா வீட்டிலேயே வைத்துக்கொள். எப்படியாவது சாத்தூர் போய் சீல் வாங்கு. உன் வாக்காளர் அட்டையைக் கொண்டுபோ. வாங்கியதும் திரும்பி அந்த வீட்டுக்குப் போகாதே, நேராக இங்கே வா.

அதற்குள் அவரை நிறுத்தி வைக்க வேண்டும். நாளை உன் வீட்டு விலாசத்துக்கே ஒரு தபால் அட்டை போடப் போகிறேன். அவர் படிக்க வேண்டும் என்றுதான் போடுகிறேன். அதில் இருப்பது பொய். அவர் கேட்டால் உனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல், என்னைத் திட்டு, நன்றாகவே திட்டு.

அனு


தபால் அட்டை
10.5.2006

அன்புள்ள அக்காவுக்கு, அனுசுயா எழுதுவது. நான் நலம். உன் நலமும் அத்தான் நலமும் அறிய ஆவல். பி.எஃப். விஷயம் முடிந்துவிட்டது. நீ வராமலேயே இங்கே பெரிய ஆபீசரைப் பார்த்துப் பெயரை மாற்றிவிட்டேன். பணம் முழுவதும் இப்போது என் பெயரில் இருக்கிறது. விஜயராணி என்ற பெயரில் அங்கே ஒரு ரூபாயும் இல்லை. அத்தான் வீணாக அலைய வேண்டாம் என்று சொல்லவும்.

அனுசுயா


சாத்தூர் தபாலாபீஸ்
22.5.2006, பகல் பதினொன்றரை

அனு,

தபால் அட்டை போன செவ்வாய்க்கிழமை வந்தது. அவர் படித்தார், திருப்பிப் பார்த்தார், மறுபடி படித்தார். நான் உன்னைத் திட்டினேன். தெருவே கேட்கும்படி திட்டினேன், கொஞ்சம் பழைய கோபத்தையும் சேர்த்துக்கொண்டேன், அதனால் இயல்பாக வந்தது. அன்றிலிருந்து கிணற்றுத் தண்ணீர் கேட்கவில்லை. நாலு நாள் நிம்மதியாகத் தூங்கினேன்.

நேற்றுக் குருசாமி வீட்டுக்கே வந்தான். அட்டையைப் பார்த்துவிட்டு, "கோயமுத்தூர் பி.எஃப். ஆபீசுல போய் நம்பரச் சொல்லிக் கேட்டா ரெண்டு நிமிஷத்துல சொல்லிருவான், நேர்ல போயிட்டு வாங்கண்ணே" என்றான். இன்று விடியற்காலைப் பஸ்ஸில் அவர் கிளம்பிவிட்டார். இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்த ஆபீஸ் ஜன்னலில் நின்று கேட்பார். பணம் விஜயராணி பெயரிலேயே இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். அதன்பிறகு அவர் எந்த முகத்தோடு ஊருக்குத் திரும்புவார் என்று எனக்குத் தெரியும்.

அவர் தலை மறைந்ததும் நான் கிளம்பிவிட்டேன். மாமியாரிடம் அங்கன்வாடிக்கு முட்டை வாங்கப் போகிறேன் என்று சொன்னேன். கையில் ஒரு கூடை மட்டும்தான். நோட்டரி கேள்வி கேட்காமல் சீல் வைத்துக் கொடுத்தார். "நான் விஜயராணி, மேற்படி கம்பெனியில் ஒருநாளும் வேலை செய்ததில்லை" என்று படித்துக் காட்டினார். பதினான்கு வருஷமாக உன்னிடம் இருந்த பெயரை வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. அழுதுவிட்டேன். அவர் தண்ணீர் கொடுத்தார்.

அந்தப் பேப்பரை இதற்குள் வைத்து ரிஜிஸ்தர் தபாலில் அனுப்புகிறேன். நான் கையில் கொண்டுவரவில்லை. மதுரையில் பஸ் மாற வேண்டும், அங்கிருந்து திருப்பூருக்கு ராத்திரிதான் பஸ். கோயமுத்தூரிலிருந்து வருகிற பஸ்ஸும் அங்கேதான் வந்து நிற்கும். அவர் எத்தனை மணிக்கு அங்கே இறங்குவார் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், நான் அங்கே நிற்கும் நேரமாகவே வருகிறது. இங்கேயே காத்திருந்து அடுத்த பஸ்ஸில் போகலாம். ஆனால் அதற்குள் வீட்டில் தேடிக்கொண்டு இங்கே வந்துவிடுவார்கள். முக்காடு போட்டுக்கொண்டு போகிறேன்.

பணத்தை எடுத்துவிடாதே. பயத்தில் எடுத்து எங்கேயாவது கொடுத்துவிடாதே. உன் பெயரிலேயே தொடர்ந்து கட்டு, ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் கட்டு. அழுதுகொண்டே கட்டிய காசு, அதை ஒருவனும் தொடக்கூடாது. ஆயா வேலை போனதை நான் மன்னித்துவிட்டேன். நேரில் சொல்லலாம் என்று இருந்தேன், எதற்கும் எழுதி வைக்கிறேன்.

இந்தத் தபால் உன் கைக்கு வர மூன்று நாள் ஆகும். நான் நாளைக் காலையில் உன் ரூமில் இருப்பேன். தபால்காரர் வரும்போது நானே கையை நீட்டி வாங்கி, பேப்பரை மட்டும் உன்னிடம் கொடுத்துவிட்டு இதை அடுப்பில் போட்டுவிடுவேன். நீ படிக்கவே மாட்டாய்.

இந்த இடம் வரைக்கும் நீ படித்திருந்தால் நான் வரவில்லை என்று அர்த்தம். பஸ் ஸ்டாண்டில் போய் எனக்காக நிற்காதே. அன்றைக்கே பேப்பரைக் கொண்டுபோய் ஆபீசில் கொடு. பிறகு லிங்கசாமி அண்ணனைக் கூட்டிக்கொண்டு போலீசுக்குப் போ. என் வீட்டுக்காரர் பெயர் கன்னையன், செத்தது விஜயராணி என்று சொல்.

உன் அக்கா